மின்கம்பியில் சிக்கிய சூப்பர்மேன்: 1941இன் ‘தி மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸ்’ படமும் அதன் பிரதிகளும்

பறந்துகொண்டிருக்கும் இரும்பு ரோபோவின் மேல் சூப்பர்மேன். ரோபோ தலைகுப்புறப் புரள, பிடி நழுவி அவன் போய் விழுவது மின்கம்பிகளுக்கு நடுவே. தீப்பொறி சிதறுகிறது. கம்பிகள் கைகால்களைச் சுற்றிக்கொள்கின்றன. இழுக்கிறான், திமிறுகிறான், சட்டென்று அறுந்து வரவில்லை. அதற்குள் பெண் நிருபர் லோயிஸ் லேனைச் சுமந்த ரோபோ போயே போய்விட்டது.

பத்து நிமிடப் படத்தில் இந்தச் சில நொடிகள் போதும், இதை எடுத்த அமெரிக்க அனிமேஷன் நிறுவனம் ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் கைவரிசை எதில் என்று புரிந்துகொள்ள. இங்கே எல்லாவற்றுக்கும் எடை உண்டு. ரோபோவுக்கு எடை உண்டு, கம்பிக்கு உண்டு, சூப்பர்மேனுக்கும் உண்டு. பின்னால் வந்த எத்தனையோ சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களில் நாயகன் ஒரு லாரியைத் தூக்கினால் அட்டைப்பெட்டியைத் தூக்குவதுபோல் இருக்கும். இதில் அவன் மூச்சுப் பிடிப்பது தெரியும்.

அந்த எடை தெரிவது கோட்டிலும், நிழலிலும், ஓர் ஓவியத்துக்கும் அடுத்த ஓவியத்துக்கும் இடையே விட்ட இடைவெளியிலும்தான். இணையத்தில் சுற்றும் பிரதிகளில் பல இந்த மூன்றில் ஒன்றையாவது கெடுத்து வைத்திருக்கின்றன. ஆகவே எந்தப் பிரதியில் பார்ப்பது என்ற கேள்வி, படம் எப்படி என்ற கேள்வியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

முதலில் படத்தின் ஜாதகம். வெளியான நாள் 1941 நவம்பர் 28. ஹாலிவுட் நிறுவனமான பாரமவுண்ட் வெளியிட்ட சூப்பர்மேன் குறும்படங்கள் 17. அவற்றில் இது இரண்டாவது. முதல் ஒன்பதும் ஃப்ளைஷர் ஸ்டுடியோவின் பெயரில் வந்தன. மீதி எட்டும், அதே ஆட்களில் பலரை வைத்து பாரமவுண்ட் 1942இல் தொடங்கிய ஃபேமஸ் ஸ்டுடியோஸ் பெயரில் 1943 ஜூலை வரை வந்தன. இந்தப் படம் உருவானபோது ஸ்டுடியோ இருந்தது ஃப்ளோரிடாவின் மயாமியில். 1938இல் நியூயார்க்கிலிருந்து அங்கே பெயர்ந்திருந்தது. டைட்டிலில் இயக்கம் டேவ் ஃப்ளைஷர், கதை சீமூர் நைட்டல், இஸடோர் ஸ்பார்பர், அனிமேஷன் ஸ்டீவ் மஃபாட்டி, ஜார்ஜ் ஜெர்மனெட்டி, இசை சாமி டிம்பெர்க். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த ஸ்டுடியோவிலிருந்து வெளிவரும் எல்லாப் படத்திலும் இயக்குநர் என்று டேவின் பெயர் இருக்கும். காட்சி காட்சியாக நேரம் குறித்து, யார் எதை வரைவது என்று பிரித்துக்கொடுத்து, நடைமுறையில் இயக்கியவர் தலைமை அனிமேட்டர்தான். பாராட்டு மஃபாட்டிக்கும் சேர வேண்டும்.

பணம் எப்படி வந்தது என்பது அனிமேஷன்காரர்கள் அலுக்காமல் சொல்லும் கதை. சூப்பர்மேனைப் படமாக்கச் சொல்லி பாரமவுண்ட் கேட்டபோது, அந்த அளவுக்கு மனித உருவங்களைத் துல்லியமாக வரைய வேண்டிய வேலையைத் தலையில் கட்டிக்கொள்ள ஸ்டுடியோவை நடத்திய மாக்ஸ், டேவ் ஃப்ளைஷர் சகோதரர்களுக்கு மனமில்லை. ஓடிப்போகட்டும் என்று ஒரு படத்துக்கு 1,00,000 டாலர் கேட்டார் டேவ். பாரமவுண்ட் ஓடவில்லை, பேரம் பேசியது. முதல் படத்துக்கு 50,000 டாலர், அடுத்தவற்றுக்குச் சுமார் 30,000 டாலர் என்று முடிந்தது. குறைந்துபோன அந்தத் தொகைகூட அன்றைய சாதாரண ஏழு நிமிடக் கார்ட்டூன் செலவைவிட நன்றாகவே அதிகம். முதல் படம் ஆஸ்கர் பரிந்துரைவரை போய், புளூட்டோ என்ற நாய் நடித்த டிஸ்னி குறும்படம் ஒன்றிடம் தோற்றது.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். பெயரில்லாத விஞ்ஞானி ஒருவன் ரோபோப் படை வைத்திருக்கிறான். அவை இறக்கை விரித்துப் பறந்து போய் வங்கியைக் கொள்ளையடித்து, பணத்தைச் சுமந்து வந்து அவன் குகையில் கொட்டுகின்றன. அடுத்த இலக்கு 5 கோடி டாலர் மதிப்புள்ள ரத்தினக் கண்காட்சி. செய்தி சேகரிக்க நிருபர் கிளார்க் கென்டும் (சூப்பர்மேனின் அன்றாட வேடம்) லோயிஸும் அங்கே வருகிறார்கள். போலீஸ் சுடுகிறது, குண்டு பட்டுத் தெறிக்கிறது, ரோபோ நகைகளை வழித்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. பிறகு துரத்தல், மின்கம்பி, குகைச் சண்டை, உருகிய உலோகக் கொப்பரை, நாளிதழில் தலைப்புச் செய்தி. குண்டு துளைக்காத, வானில் பறக்கிற, தொலைவிலிருந்து இயக்கக்கூடிய இயந்திரத்தை டஜன் கணக்கில் செய்யத் தெரிந்தவன் அதில் ஒன்றை ராணுவத்துக்கு விற்றிருந்தாலே வங்கிக்குப் போக வேண்டியிருக்காது. அதையெல்லாம் இந்தப் படத்திடம் கேட்கக் கூடாது. கதை வெறும் கொடிக்கம்பி. காயப்போட்டிருக்கும் துணியைத்தான் பார்க்க வேண்டும்.

எடை எங்கிருந்து வருகிறது

கணக்கிலிருந்து தொடங்கலாம். 35 மி.மீ. படச்சுருள் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஓடுகிறது. நிமிடத்துக்கு 90 அடி. பத்து நிமிடத்துக்கு 14,400 ஃப்ரேம், 900 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு முழு ரீல். ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தி எடுப்பது அன்றைய வழக்கம். அப்படிப் பார்த்தாலும் ஒரே ஓர் அடுக்குக்கு மட்டும் 7,200 ஓவியம். ரோபோ ஓர் அடுக்கு, சூப்பர்மேன் ஓர் அடுக்கு, நிழல் ஓர் அடுக்கு என்று வைத்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். அதற்கு மேல் டெக்னிகலர் என்ற வண்ணப்பட முறை. கார்ட்டூனுக்கு மூன்று சுருள் ஓடும் பெரிய கேமரா தேவையில்லை. ஓவியம் அசையாமல் கிடப்பதால், ஒரே கறுப்பு வெள்ளைச் சுருளில் ஒவ்வொரு ஃப்ரேமையும் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி மாற்றி மாற்றி மூன்று முறை படம் பிடிப்பார்கள். 14,400 பெருக்கல் 3, ஆக 43,200 முறை ஷட்டர் திறந்து மூடும். இந்த மூன்றில் ஒன்று இம்மி விலகினாலும் அச்சில் கோட்டோரம் சிவப்பாகவோ பச்சையாகவோ பிசிறு தட்டும். பிரதியைச் சோதிக்க இது ஒரு நல்ல அடையாளம், பின்னால் வருவோம்.

ஓவியங்களின் எண்ணிக்கை மட்டும் எடையைத் தந்துவிடாது, இடைவெளிதான் தரும். கனமான பொருள் நகரத் தொடங்கும்போது அடுத்தடுத்த ஓவியங்கள் கிட்டக்கிட்ட இருக்க வேண்டும், வேகம் பிடித்த பிறகு எட்ட எட்டப் போக வேண்டும், நிற்கும்போது மறுபடி நெருங்கி, நின்ற பிறகும் ஒரு சிறு அதிர்வு மிச்சமிருக்க வேண்டும். ரோபோ தெருவில் நடந்து வரும் காட்சியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். கால் தரையைத் தொட்ட பிறகுதான் உடல் அதன்மேல் இறங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மனிதன் நடையில் முழங்கால் அந்த இறக்கத்தை விழுங்கிவிடும். இரும்புக் காலுக்கு அந்த வசதி இல்லை, அதனால் மொத்த உடம்பும் சேர்ந்து குலுங்குகிறது. ரோபோவுக்கு முகபாவம் கிடையாது, பேச்சு கிடையாது. நடை ஒன்றை வைத்தே இது நம்மை நசுக்கிவிடும் என்று நம்பவைத்துவிட்டார்கள்.

சூப்பர்மேன் பக்கம் வேறு உத்தி. அடிப்பதற்கு முன் உடலைப் பின்னுக்கு இழுக்கிறான், தூக்குவதற்கு முன் இடுப்பை இறக்குகிறான். குகைச் சண்டையில் ரோபோக்கள் கூட்டமாக மேலே விழும்போது அவன் உண்மையிலேயே கீழே போகிறான். சில நொடி அவன் தோற்றுக்கொண்டிருப்பதாகவே தெரிகிறது. ‘எதுவும் செய்ய முடிந்தவன்’ என்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு பரபரப்பு உண்டாக்குவது சாதாரணக் காரியமா? இவர்கள் அவன் ஆற்றலைக் குறைக்கவில்லை. அதைச் செலவழிக்கும் பாட்டைக் காட்டினார்கள்.

ஃப்ளைஷர் என்றதும் எல்லோரும் ரோட்டோஸ்கோப் என்று சொல்லிவிடுவார்கள். நடிகரைப் படம் பிடித்து, ஃப்ரேம் ஃப்ரேமாக அதன்மேல் காகிதம் வைத்து வரையும் அந்தக் கருவி மாக்ஸ் ஃப்ளைஷரின் கண்டுபிடிப்புதான். 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை வாங்கினார். ஆனால் வானத்தில் ரோபோவோடு கட்டிப்புரளும் ஆளை யார் நடித்துக்காட்டுவது? சூப்பர்மேன் தொடரின் சிறந்த இடங்கள் எல்லாம் ரோட்டோஸ்கோப் எட்டாத இடங்கள். உடற்கூறு தெரிந்த ஓவியர்கள் கற்பனையில் கட்டிய அசைவுகள் அவை. படி எடுத்தால் அளவு சரியாக வரும், எடை வராது. மேலே வைத்து வரைந்த உருவம் தரையில் ஒட்டாமல் மிதக்கிற மாதிரி இருக்கும்.

நிழல் இந்தப் படத்தின் இன்னொரு தூண். உருவம் வரையும் ‘செல்’ என்ற கண்ணாடி போன்ற தாளில் தட்டையாக நிறம் பூசிவிட்டு விடுவதில்லை. உருவங்களின் ஒரு பக்கம் இருளில் மூழ்கியிருக்கும், சுவரில் நிழல் தனியாக ஊர்ந்து வரும். தரையில் விழும் நிழல் கீழே இருப்பதைக் கொஞ்சம் காட்ட வேண்டும் என்றால், நிழல் செல்லை வைத்து அரைகுறையாக ஒருமுறை, அதை எடுத்துவிட்டு மிச்ச ஒளிக்கு ஒருமுறை என்று அதே ஃப்ரேமைத் திரும்பப் படம் பிடிக்க வேண்டும். டெக்னிகலரின் மூன்று முறையோடு இதையும் பெருக்கிக்கொள்ளுங்கள். பின்னணிகளில் நிறத்தைத் தூறலாகத் தெளிக்கும் ஏர்பிரஷ் பூச்சு: குகைச் சுவர், இரவு வானம், உலோகப் பளபளப்பு எல்லாம் விளிம்பில்லாமல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். இந்த வழுக்கலைத்தான் மட்டமான பிரதிகள் முதலில் கொல்லும்.

பறப்பதைப் பற்றி ஒன்று. தொடக்கத்தில் அறிவிப்பாளர் குரல் இன்னும் ‘உயர்ந்த கட்டடங்களை ஒரே தாவலில் தாண்டுபவன்’ என்றே சொல்கிறது. 1938இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த சித்திரக்கதை நாயகன் தாவினான், பறக்கவில்லை. அச்சில் ஒரு கட்டத்தில் தாவுவதாக வரைந்தால் அழகாக இருக்கும். அசையும் படத்தில் வெட்டுக்கிளி போல எம்பி எம்பிக் குதித்தால் கேலிக்கூத்து. வானொலித் தொடரில் அவன் ஏற்கெனவே காதால் கேட்கும்படி பறந்துகொண்டிருந்தான். கண்ணால் பார்க்கும்படி பறக்கவைத்தது இந்தக் குறும்படங்கள். மெக்கானிக்கல் மான்ஸ்டர்ஸில் ரோபோவைத் துரத்தும் இடத்தில் தாவலா பறத்தலா என்ற குழப்பமே கிடையாது. கிளார்க் தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து சூப்பர்மேனாக வெளியே வருவதும் இந்தப் படத்தில்தான் முதல்முறை. அதற்குப் பிறகு எத்தனை பேர் அந்தக் கூண்டைக் கிண்டலடித்துவிட்டார்கள் என்று கணக்கில்லை.

குரல்கள் வானொலியிலிருந்தே வந்தவை. கிளார்க்காகவும் சூப்பர்மேனாகவும் பட் கோல்யர், லோயிஸாக ஜோன் அலெக்ஸாண்டர். கிளார்க்குக்கு மெல்லிய, சற்று உயர்ந்த குரல். ‘இது சூப்பர்மேன் பார்க்க வேண்டிய வேலை’ என்ற வாக்கியத்தை அந்தக் குரலில் ஆரம்பித்து, கடைசிச் சொற்களில் அடித்தொண்டைக்கு இறக்கிவிடுவார் கோல்யர். உடை மாறுவதற்கு முன்பே ஆள் மாறிவிடுகிறான். படம் முழுக்க வசனம் சொற்பம். கதையை டிம்பெர்க்கின் இசை இழுத்துக்கொண்டு போகிறது. ரோபோ நடக்கும்போது பித்தளை வாத்தியங்கள் காலடியோடு சேர்ந்து விழுவதைக் கேட்கத் தவற வேண்டாம்.

குறைகள் உண்டு. மனித முகங்கள் நெருக்கக் காட்சியில் விறைப்பாக இருக்கின்றன. வாய் அசைகிறது, கண் பேசுவதில்லை. வில்லனுக்கு மீசையும் முறைப்பும் தவிர ஒன்றுமில்லை. கிளார்க்குக்கும் லோயிஸுக்கும் இடையிலான உறவு கடைசிக் காட்சியில் ஒரு கண்சிமிட்டலோடு சரி. கயிற்றில் கட்டிக் கொப்பரைக்கு மேல் தொங்கவிடப்பட்ட பெண் என்பது 1941லேயே பழைய சரக்கு. லோயிஸுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: அவளை யாரும் கடத்தவில்லை. ரோபோவின் நகைப்பெட்டிக்குள் தானாகவே ஏறி ஒளிந்துகொண்டாள், செய்திக்காக. கிளார்க் அலுவலகத்துக்குப் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வேலையைப் பார்த்தாள்.

எந்தப் பிரதி

இந்த 17 படங்களுக்கும் அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. அன்றைய சட்டப்படி 28 ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்கவில்லை. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கு வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. அதுவும் எப்போதோ கடந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்கலாம், விற்கிறார்கள். (சூப்பர்மேன் என்ற பாத்திரத்துக்கும் சின்னத்துக்கும் உரிமை தனி, அதை வைத்துப் புதுப்படம் எடுக்கக் கிளம்ப வேண்டாம்.) பெரும்பாலான இலவசப் பிரதிகளின் மூலம் தொலைக்காட்சிக்காக 16 மி.மீ.யில் எடுத்த நகலின் நகல்.

பிரதி கையில் கிடைத்ததும் முதலில் சூப்பர்மேனின் மார்பைப் பாருங்கள். இந்தத் தொடரில் சின்னத்தின் பின்புலம் மஞ்சள் கிடையாது. கறுப்பின்மேல் சிவப்பு ‘எஸ்’, சுற்றிலும் மஞ்சள் கோடு. அந்தக் கறுப்பு பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் நிறம் போன அச்சு. 1950களுக்குப் பிறகு வந்த பல வண்ண அச்சுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். படம் முழுக்க ரோஜா நிறத்தில் குளித்ததுபோல் ஆகிவிடும். சாயத்தை அச்சுக்கு மாற்றி எடுக்கும் பழைய டெக்னிகலர் அச்சுக்கு இந்த நோய் வராது. அடுத்து ஓடும் உருவத்தின் ஓரம். சிவப்பு, பச்சைப் பிசிறு தெரிந்தால் மூன்று பதிவுகளும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. சிறிதளவு இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். காலத்தின் குணம் அது.

பிறகு அசைவு. கணினியில் நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். யூடியூபில் நிறுத்திய நிலையில் முற்றுப்புள்ளி விசை முன்னால் போகும், காற்புள்ளி விசை பின்னால் வரும். விஎல்சி மென்பொருளில் ஆங்கில ‘E’ விசை. நல்ல பிரதியில் இரண்டு ஃப்ரேமுக்கு ஒருமுறை ஓவியம் மாறும், வேகமான இடங்களில் ஒவ்வொன்றுக்கும் மாறும். ஐந்து ஃப்ரேமில் இரண்டு மட்டும் சீப்பு வாரியதுபோல் கோடுகோடாகவோ, இரண்டு உருவம் ஒன்றின்மேல் ஒன்று மங்கலாகவோ தெரிந்தால், அது 24 ஃப்ரேமை அமெரிக்கத் தொலைக்காட்சியின் 30க்கு நீட்டிய பிரதி. சீப்புக் கோடு என்றால் மருந்து உண்டு: ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபில்டர் பக்கத்தில் ‘டீடெலிசின்’ வசதியைப் போட்டு மாற்றினால் பழைய 24 திரும்பக் கிடைக்கும். ஏற்கெனவே கலந்து மங்கிப்போயிருந்தால் மருந்து இல்லை, வேறு பிரதி தேடுங்கள்.

ஐரோப்பிய முறைக்காக 25 ஃப்ரேமுக்கு வேகம் கூட்டிய பிரதிகளும் உண்டு. நீளத்தைப் பாருங்கள்: பத்து நிமிடத்துக்கு 24 நொடி குறையும். சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். கோல்யர் அடித்தொண்டைக்கு இறங்கும் அந்த வாக்கியம் பாதி வீணாகிவிடும்.

ஆகக் கேடு, ‘60 எஃப்பிஎஸ்’ (நொடிக்கு 60 ஃப்ரேம்), ‘4கே ஏஐ’ என்று பெருமையாகத் தலைப்பு வைத்து வருபவை. இரண்டு ஓவியத்துக்கு நடுவே மென்பொருள் தானாக ஓவியங்களைக் கற்பித்துச் செருகுகிறது. ரோபோவின் காலடி தரையில் ‘தொம்’ என்று விழுந்ததற்குக் காரணமே ஓவியர் அங்கே விட்ட பெரிய இடைவெளி. அதை நிரப்பிவிட்டால் ரோபோ வெண்ணெயில் நடக்கும். கூடவே கோடு தடிக்கும், ஏர்பிரஷ் வழுக்கல் படிப்படியான பட்டைகளாக உடையும், தீப்பொறி பிசினாகும். இலவசம் என்றாலும் வேண்டாம்.

சூப்பர்மேன் பாத்திரத்தின் உரிமையாளர் தரப்பு வெளியிட்ட பிரதிகள் இரண்டு தலைமுறை. டிவிடிகள் 2000களில் வந்தன, 2009இல் இந்தத் தொடருக்கென்றே தனித் தொகுப்பு. 17 படங்களும் அடங்கிய ப்ளூ-ரே 2023 மே மாதம். நிறத்தில் ப்ளூ-ரேக்கு நிகர் இல்லை. மூலச்சுருளிலிருந்து புதிதாக எடுத்ததால் முதுகில் பறக்கும் அங்கியின் சிவப்பு ஆழமாக இருக்கிறது, நிறப்பிசிறு அடங்கியிருக்கிறது, கீறலும் தூசும் போய்விட்டன. தூசோடு இன்னொன்றும் போனது. படச்சுருளிலேயே இயல்பாக இருக்கும் பொடித் துகள்களைத் துடைக்கும் மென்பொருளைத் தாராளமாக ஓட்டிவிட்டார்கள். அந்த மென்பொருளுக்கு ஒரு ஃப்ரேமில் மட்டும் தெரிந்து மறையும் சிறு புள்ளி என்றால் அழுக்கு. மின்கம்பித் தீப்பொறியும் அப்படித்தான் இருக்கும், வேகமாக நகரும் மெல்லிய மைக்கோடும் அப்படித்தான் இருக்கும். விளைவு, நின்ற காட்சிகள் பளிச்சென்றும், அசையும் காட்சிகளில் கோடு கரைந்தும் இருக்கிறது. கார்ட்டூன் என்றால் தட்டையான நிறம்தானே, துகள் எதற்கு என்று நினைக்கிறவர்கள் செய்யும் தவறு இது. நிறத்துக்கும் வசதிக்கும் ப்ளூ-ரே. கோட்டைக் கூர்ந்து படிக்க வேண்டும் என்கிற ஓவிய மாணவர்களுக்கு, 35 மி.மீ. அச்சிலிருந்து துகளோடு எடுத்த பழைய பிரதி கிடைத்தால் அதுவே மேல். இரண்டையும் வைத்துக்கொண்டு மின்கம்பிக் காட்சியை மட்டும் ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிடும்.

டிவியில் பார்ப்பவர்கள் தட்டுமுன் நாலு காரியம் செய்ய வேண்டும். படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.37க்கு 1. 1920 புள்ளி அகலத் திரையில் படம் சுமார் 1,480 புள்ளிதான் வரும், இரு பக்கமும் 220 புள்ளி கறுப்பு நிற்கும், நிற்கட்டும். திரையை நிரப்ப நீட்டினால் சூப்பர்மேன் 30 சதவீதம் குண்டாவான், வெட்டினால் உயரத்தில் 23 சதவீதம் போய் ரோபோவின் காலோ தலையோ காணாமல் போகும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஒவ்வொரு டிவியிலும் ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும். பெயரில் ‘மோஷன்’ என்று வரும் எதையும் அணையுங்கள், இல்லையேல் மேலே சொன்ன வெண்ணெய் நடை வீட்டிலேயே தயாராகும். துகள் நீக்கி, கூர்மை கூட்டி இரண்டையும் பூஜ்யத்தில் வையுங்கள். கணினியை எச்டிஎம்ஐயில் இணைத்திருந்தால் கறுப்பின் வரம்பு இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்: கணினி முழு வரம்பில் அனுப்பி டிவி குறுகிய வரம்பை எதிர்பார்த்தால் குகைக் காட்சிகளில் நிழலெல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும், எதிர்ப்பதமாக இருந்தால் இரவு சாம்பல் பூத்துக் கிடக்கும். ஒலி மோனோ. இரு ஸ்பீக்கரிலும் ஒன்றே வர வேண்டும். ‘சரவுண்ட்’ ஒப்பனை எதுவும் வேண்டாம்.

இன்னும் எதைப் பார்ப்பது

இது பிடித்தால் அடுத்து 1942 ஜனவரியில் வந்த ‘பில்லியன் டாலர் லிமிடெட்’. தங்கம் ஏற்றிய ரயிலைச் சூப்பர்மேன் கையால் இழுக்கிறான். எடைக்கு அதைவிடப் பாடம் கிடையாது. முதல் படத்தில் சாயும் கோபுரத்தை நிமிர்த்திவிட்டு, பாயும் கதிரை முஷ்டியால் குத்திக் குத்தியே பின்னுக்குத் தள்ளுவான். ஒளிக்கே எடை கொடுத்த இடம் அது. ‘தி மேக்னெட்டிக் டெலஸ்கோப்’ படத்தில் அறுந்த மின்கம்பிகளுக்கு இடையே தானே கம்பியாக நிற்கிறான். நம் படத்து மின்கம்பியோடு அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். ஃபேமஸ் ஸ்டுடியோஸ் கால எட்டில் விஞ்ஞானிகளும் ரோபோக்களும் போய், போர்க்காலப் பிரச்சாரம் ஏறிக்கொள்கிறது. ‘ஜப்போட்டியர்ஸ்’ ஜப்பானியரையும், ‘ஜங்கிள் டிரம்ஸ்’ பழங்குடி மக்களையும் காட்டும் விதம் வெறுப்பானது. குழந்தைகளுக்கு மொத்தத் தொகுப்பையும் தானாக ஓடவிட்டுப் போய்விட வேண்டாம். முதல் ஒன்பதிலிருந்து பொறுக்கி எடுத்துப் போடுங்கள்.

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் 1986 படமான ‘கேஸில் இன் தி ஸ்கை’யில் வரும் நீண்ட கை ரோபோவைப் பார்த்தவர்கள் இந்த ரோபோ நடந்து வந்ததுமே அடையாளம் கண்டுகொள்வார்கள். மியாசாகியின் ரோபோ பரிதாபப்பட வைக்கும். மஃபாட்டியின் ரோபோவுக்கு அந்தக் கவலை இல்லை. வந்த வேலை நகை எடுப்பது, எடுத்துக்கொண்டு போகிறது.

ஃப்ரேம் நகர்த்திப் பார்க்கப் போகிறவர்கள் குகைச் சண்டையில் ஆரம்பிக்க வேண்டாம். உருவங்கள் அதிகம், கண் சிதறும். வங்கிப் பணத்தோடு ரோபோ குகைக்குத் திரும்பும் தொடக்கக் காட்சியில் தரை தொடும் இடத்திலிருந்து 48 ஃப்ரேம் எண்ணுங்கள். இரண்டு நொடிதான். ஒவ்வொன்றிலும் பாதம், இடுப்பு, தலை மூன்றையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தால், எங்கே புள்ளிகள் நெருங்குகின்றன, எங்கே விலகுகின்றன என்பது தாளிலேயே தெரியும்.